வளவில் ஏறும் மணி பிளாண்ட்

மணி பிளாண்டுக்கு லேசில் சாகத் தெரியாது. அதனாலேயே அதை யாரும் கவனிப்பதில்லை. காரைக்குடிப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் டிவி ஸ்டாண்டின் ஓரத்திலோ பிரிட்ஜ் மேலோ ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கும், அதில் நாலைந்து இலையோடு ஒரு கொடி நிற்கும். போன தீபாவளிக்குப் பார்த்த நீளம்தான் இந்தத் தீபாவளிக்கும். செத்ததா என்றால் இல்லை. வளர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. கேட்டால், "அது பாட்டுக்கு இருக்கு" என்பார்கள்.

அதே கொடியைத் தென்னந்தோப்பில் பார்க்கவேண்டும். யாரோ வேண்டாமென்று வீசிய துண்டு, மரத்தடியில் வேர்விட்டு, தென்னையைப் பிடித்து ஏறியிருக்கும். உயரே போகப் போக இலை முறம் அகலத்துக்கு வந்து, ஓரங்கள் கிழிந்து தொங்கும். காற்றில் கிழிந்தது என்று நினைப்போம். இல்லை, அந்தப் பருவத்தில் அதன் இலை வருவதே அப்படித்தான். நல்ல இடம் கிடைத்தால் ஒரே இலை ஒரு மீட்டர் நீளம்வரை போகும். "இது வேற சாதிப்பா" என்று என்னிடம் பந்தயம் கட்டியவர்கள் உண்டு. வேறு சாதி இல்லை. பாட்டிலில் இருப்பதும் தென்னையில் இருப்பதும் ஒரே செடி.

உண்மையில் 'ஒரே செடி' என்பது நாம் நினைப்பதைவிட ஆழமான விஷயம். மணி பிளாண்ட் பூப்பதே அபூர்வம். பூக்கத் தேவையான ஜிப்ரலின் என்ற ஹார்மோனை அதனால் சரியாக உண்டாக்க முடியவில்லை என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது; அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தபோது செடி பூத்தது. பூ இல்லையென்றால் விதை இல்லை. ஆக, நம் வீடுகளில் இருப்பதெல்லாம் துண்டிலிருந்து வந்த துண்டு, அதிலிருந்து வந்த துண்டு. பக்கத்து வீட்டுக் கொடி ராசியான கொடி, நம் வீட்டுக் கொடி ராசியில்லாதது என்று சொல்ல வழியே இல்லை. அங்கே நன்றாக வளர்ந்தால் வைத்த இடம் காரணம்.

அதன் சொந்த ஊர் பசிபிக் கடலில், தஹிதிக்குப் பக்கத்தில் இருக்கும் மோரேயா தீவு. ஐரோப்பியத் தாவரவியலார் 1880இல் முதன்முதலாக ஒரு பெயர் வைத்தார்கள். பூவைப் பார்க்காமல் இனம் பிரிப்பது கஷ்டம் என்பதால் அதற்கப்புறம் ஒவ்வொரு பேரினமாக மாற்றி மாற்றிச் சேர்த்து, 1964இல்தான் இப்போதுள்ள எபிபிரெம்னம் ஆரியம் என்ற பெயருக்கு வந்து நின்றார்கள். செட்டிநாட்டு வீட்டுக்கு இதெல்லாம் புதிதில்லை. தூண் பர்மாவிலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து என்று கப்பலில் வந்தவைதானே பாதி வீடு. இந்தக் கொடியும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. சாமான்களுக்குக் கொடுத்த மரியாதையை இதற்குக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, பாட்டில் கொடிக்கும் தென்னைக் கொடிக்கும் நடுவில் என்ன நடக்கிறது? இரண்டு விஷயங்கள். ஒன்று, பிடித்து ஏற ஏதாவது வேண்டும். இரண்டு, வெளிச்சம். ஏறுவதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். இந்த மாதிரிக் கொடிகள் பிடிமானம் கிடைத்து மேலே ஏறும்போது தண்டு தடிக்கும், கணுக்கள் நெருங்கும், ஒவ்வொரு இலையும் முந்தினதைவிடப் பெரிதாக வரும். பிடிமானம் விட்டுக் கீழே தொங்க ஆரம்பித்தால் கதை தலைகீழ். அடுத்த மரத்தைத் தேடுகிற வேலைக்கு இறங்கிவிடும். தண்டு மெலிந்து, கணுவுக்குக் கணு தூரம் கூடி, இலை சிறுத்துப்போகும். ஜன்னல் மேலிருந்து அழகாகத் தொங்கவிடுகிறோமே, அது அந்தக் கொடிக்குத் தேடி அலைகிற நிலை. தொங்குவதும் ஓர் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் தொங்கவிட்டுக்கொண்டே "இலை பெருசாகலையே, என்ன உரம் போடலாம்?" என்று கேட்டால் பதில் கிடையாது.

வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்களிடம் இதை விளக்கவே வேண்டாம். அகத்தியை முதலில் வளர்த்து, அப்புறம்தான் கொடியை ஏற்றுவார்கள். ஏற ஏறக் கட்டிக்கொண்டே போவார்கள். வெற்றிலைக்கு அவ்வளவு பார்க்கிற நாம், மணி பிளாண்டைப் பாட்டிலில் போட்டுவிட்டு மறந்துபோகிறோம்.

இப்போது வெளிச்சம். இங்கேதான் நம் வீடுகள் ஆளை ஏமாற்றும். முகப்பைத் தாண்டி வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்குள், வந்தால் நடு முற்றத்தில் வானம் கொட்டிக் கிடக்கிறது. சுற்றித் தாழ்வாரமாக ஓடும் பத்தி, தூண்கள், எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. 'வீடு முழுக்க வெளிச்சம்' என்று தோன்றும். செல்போனில் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிற செயலி ஒன்றை இறக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். எங்கள் வீட்டில் உச்சி வெயிலில் முற்றத்தின் நடுவே லட்சத்தை ஒட்டிக் காட்டுகிறது. தூண் வரிசைக்குக் கொஞ்சம் உள்ளே சில ஆயிரம். பத்தியின் சுவரோரம் சில நூறு. அறைக்குள் கால் வைத்தால் ஐம்பதைத் தொடுவதே பெரிய விஷயம். பத்துப் பன்னிரண்டு அடி எடுத்துவைப்பதற்குள் லட்சம் ஐம்பதாகிவிட்டது, நம் கண்ணுக்கு 'கொஞ்சம் மங்கல்' என்பதற்குமேல் தெரியவில்லை. கண் தன்னைச் சரிசெய்துகொள்ளும். இலையால் அது முடியாது.

செயலி வேண்டாமென்றால் இன்னொரு வழி. தொட்டி வைக்க நினைக்கிற இடத்தில், இலை இருக்கப்போகிற உயரத்தில் தலையை வைத்து முற்றத்தைப் பாருங்கள். வானம் எவ்வளவு தெரிகிறது? நல்ல துண்டாகத் தெரிந்தால் கொடி வளரும். ஓட்டு விளிம்புக்குக் கீழே ஒரு கீற்று மட்டும் தெரிந்தால் உயிரோடு இருக்கும். எதிர்ச் சுவர்தான் தெரிகிறதென்றால் அங்கே ஒரு பித்தளைக் குடத்தை வைத்துக்கொள்ளலாம். இருட்டில் வைத்த கொடியில் இலையில் தெறித்திருக்கும் மஞ்சளும் குறைந்து பச்சையாகிக்கொண்டே வரும். கிடைக்கிற வெளிச்சம் அவ்வளவுதான் என்று அது நமக்குச் சொல்கிற விதம் அது.

அதற்காக வெயிலில் வைக்கவும் கூடாது, நேர் வெயில் பட்டால் இலை வெந்து பழுப்புத் திட்டு விழும். வளவில் எந்தப் பக்கம் வெயில் விழும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். இதைச் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காரைக்குடி இருப்பது ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில். சித்திரை பிறக்கும்போது உச்சி சூரியன் நேர் தலைக்குமேல். அதிலிருந்து ஆவணி முதல் பத்து நாட்கள்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வெயில் தெற்குப் பத்திக்குள் விழும். ஆனால் பெரிதாகச் சாயாது. கூரை விளிம்பு பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால், ஆனி மாத உச்சத்திலும் இரண்டரை அடிக்குமேல் உள்ளே வராது. மீதி மாதங்களில் சூரியன் தெற்கே போய்விடும். வெயில் வடக்குப் பத்திக்குள் விழும். மார்கழியில் நன்றாகச் சாய்ந்து, அதே பத்தடிக் கூரைக்கு ஆறரை அடிவரை உள்ளே வந்துவிடும். மார்கழிதானே, இளவெயில்தானே என்று தோன்றும். நண்பகல் வெயில் இலைக்கு இளவெயில் இல்லை.

ஆகவே என் கணக்கு: தெற்குப் பத்தியில், தூண் வரிசையிலிருந்து மூன்றடி உள்ளே. வருஷம் முழுக்க நண்பகல் வெயில் எட்டாது, வானமோ தாராளமாகத் தெரியும். மேற்குப் பத்தியும் நல்ல இடம், காலை வெயில் மட்டும் வந்துபோகும். கிழக்குப் பத்திக்கு மாலை வெயில், கோடையில் அது சுடும். வடக்கில் வைத்தே தீரவேண்டும் என்றால் மாதத்துக்கேற்ப நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும், அது நமக்கு ஆகாது.

இடம் கிடைத்துவிட்டது, ஏறுவதற்கு என்ன செய்வது? பக்கத்திலேயே தேக்குத் தூண் வழுவழுவென்று நிற்கிறது. எனக்கும் ஆசைதான். ஆனால் எங்களுடையது பங்காளிகள் பொதுவில் இருக்கிற வீடு. நான் தூணை அண்ணாந்து பார்த்ததைப் பார்த்தே பெரியப்பச்சி சொல்லிவிட்டார்: "ஏப்பா, செடி வை, கொடி வை, என்ன வேணும்னாலும் வை. தூணுல ஆணி அடிக்கக் கூடாது. செவத்துல ஈரம் படக் கூடாது." நியாயமான பேச்சு. இந்தக் கொடியின் வேர் சுவரைத் துளைக்காது. கணுவிலிருந்து வருகிற காற்று வேர் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் பழுப்புத் தடம் அப்படியே நிற்கும், சுரண்டினாலும் போகாது. நம் வீட்டு முட்டைப்பூச்சுச் சுவரிலோ வேறு சிக்கல். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துக் கண்ணாடிபோல இழைத்த சுவர் அது, வேருக்கு அங்கே பிடியே கிடைக்காது.

கடையில் 'மாஸ் போல்' என்று பச்சை வலை சுற்றிய குச்சி விற்கிறார்கள். பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்மேல் பேருக்குக் கொஞ்சம் தேங்காய் நார். தண்ணீர் ஊற்றினால் ஊற்றின வேகத்தில் கீழே வந்துவிடும், வேர் உள்ளே போக இடமே இருக்காது. தோப்பிருக்கிற ஊரில் அதைக் காசு கொடுத்து வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. பன்னாடை இருக்கிறதே, தென்னை மட்டையின் அடியில் துணிபோல நெய்திருக்குமே, அதைக் கொஞ்சம் பொறுக்கி வந்து ஊறவைத்தேன். இரண்டு அங்குல பிவிசி குழாய் ஐந்தடி வெட்டி, பக்கவாட்டில் சாண் இடைவெளியில் ஓட்டை போட்டு, அடியை மூடி, தொட்டிக்குள் நிறுத்தி, சுற்றிச் செங்கல் துண்டுகளை இறுக்கினேன். குழாயைச் சுற்றி ஈரப் பன்னாடையை விரித்து, அதற்கும் குழாய்க்கும் நடுவில் தென்னைநார்த் தூளைத் திணித்து, கயிற்றால் கீழிருந்து மேலே வரிந்து கட்டினேன். தூளை முதலில் மூன்று நான்கு தண்ணீரில் அலசவேண்டும், உப்பு இருக்கும். குழாயின் மேல்வாயில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் ஓட்டை வழியாகக் கசிந்து கம்பம் முழுக்க நனையும். பார்க்க அழகாக இருக்காது. இலை மறைக்கும்வரை வீட்டில் கொஞ்சம் பேச்சு வாங்கவேண்டியிருக்கும்.

கொடியைக் கட்டும்போது ஒரு நுணுக்கம். கணுவைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். இலைக்காம்புக்கு எதிர்ப்பக்கம் பழுப்பாக ஒரு மொட்டு, மருமாதிரி துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் காற்று வேர். அந்த மொட்டுப் பக்கம் கம்பத்தில் படும்படி வைத்து, இலை வெளியே பார்க்கும்படி, வாழைநாரால் தளர்வாக ஒரு முடிச்சு. இலைக்காம்பைச் சேர்த்துக் கட்டிவிடக் கூடாது. கம்பம் ஈரமாக இருந்தால் மொட்டு வெள்ளையாக நீண்டு, முனையில் பூனைமயிர் முளைத்து, பன்னாடைக் கண்ணுக்குள் நுழைந்துவிடும். நுழைந்தபின் வாழைநார் இற்றுப்போனாலும் கவலையில்லை. அதற்குமேல் வருகிற மூன்றாவது நான்காவது இலையில் வித்தியாசம் தெரியும். முதலில் உள்ளங்கை அகலம் இருந்தது, எங்கள் கம்பத்தின் உச்சியில் இப்போது விரித்த சாண் அகலம். தென்னையில் ஏறியதுபோலக் கிழிந்த இலை வீட்டுக்குள் வராது, ஐந்தடிக் கம்பத்தில் அதை எதிர்பார்க்கவும் கூடாது.

மண் பற்றிச் சுருக்கமாக. நம் ஊர்ச் செம்மண்ணை மட்டும் தொட்டியில் போட்டால் நாலு தண்ணீரில் செங்கல்லாகிவிடும். செம்மண் ஒரு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அரைப் பங்கு, அடுப்புக்கரித் துண்டு ஒரு கை. போதும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இந்தக் கொடி வீட்டில் செத்ததென்றால் பத்துக்கு ஒன்பது தண்ணீர் அதிகமாகித்தான். அடி இலைகள் வரிசையாக மஞ்சளாகி, தண்டின் அடி கொழகொழக்கும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். எங்கள் தெருவில் போர்த் தண்ணீர் உப்பு. அதையே ஊற்றினால் இலை நுனி கருகும், தொட்டிக்கு அடியில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின்மேல் வெள்ளையாக ஒரு வளையம் படியும். கல் போனால் பெரியப்பச்சிக்குப் பதில் சொல்லவேண்டும், எனவே அடியில் ஒரு தாம்பாளம். ஐப்பசி கார்த்திகையில் ஓட்டுக்கூரைத் தண்ணீர் முழுக்க முற்றத்தில்தான் விழுகிறது. அந்தக் காலத்தில் அண்டாவும் கிடாரமும் வைத்துப் பிடித்தார்கள், நான் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து மூடிவைக்கிறேன். அந்தத் தண்ணீர் கொடிக்கு மட்டும்.

கோடையில் இலைமேல் ஸ்ப்ரே அடிக்கச் சொல்வார்கள். சித்திரை வெயிலில் அடித்த ஈரம் நாம் பாட்டிலைக் கீழே வைப்பதற்குள் காய்ந்துவிடும். அதைவிடக் கம்பத்தை நனைப்பது மேல். ஆக்ஸிஜன் தரும், காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சும் உண்டு. 1989இல் நாசா செய்த ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு அது. அடைத்த பெட்டிக்குள் செடியை வைத்துச் செய்த சோதனை. பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2019இல் கணக்குப் போட்டவர்கள், சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வேண்டும் என்றார்கள். நடுவில் வானத்தையே திறந்துவைத்திருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு எதற்கு?

நம் பக்கத்துக்கே உரிய பிரச்சினை ஒன்று, வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, திருவிழா என்றால்தான் பல வீடுகளில் கதவு திறக்கும். மணி பிளாண்ட் அதைத் தாங்கும், கொஞ்சம் உதவினால் இன்னும் நன்றாகத் தாங்கும். தொட்டியைவிட ஒரு சாண் உயரத்தில் ஒரு வாளி தண்ணீர். பருத்தித் துணியை விரல் தடிமனுக்குத் திரித்து, ஒரு முனை வாளியின் அடியில், மறுமுனை மண்ணுக்குள். திரி மெல்ல இழுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும். வாளியை மூடி வையுங்கள், இல்லையென்றால் திரும்பி வரும்போது கொசுதான் வரவேற்கும்.

குழந்தைகள், பூனை, ஆட்டுக்குட்டி புழங்குகிற வீடென்றால் எட்டாத இடத்தில் வையுங்கள். இது சேம்பு, கருணைக் குடும்பம். தண்டிலும் இலையிலும் ஊசி ஊசியாகக் கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது; கடித்தால் வாய் எரிந்து வீங்கும். நறுக்கும்போது கையும் அரிக்கும். கருணைக்கிழங்கை நறுக்கக் கையில் எண்ணெய் தடவுகிறோமே, அதையே இங்கும் செய்யலாம். வெட்டிய துண்டுகளை ஊருணிக் கரையிலோ தோப்பிலோ வீசக் கூடாது. இலங்கையில் இதைப் பரவித் தொல்லை தரும் அந்நியச் செடிகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள்.

கம்பத்தின் உச்சியைத் தொட்டதும் இரண்டு வழி. கொடிக்காலில் செய்வதுபோல அவிழ்த்து இறக்கி, அடித்தண்டைத் தொட்டி மண்ணில் சுருட்டிப் புதைத்துவிட்டு நுனியை மறுபடி ஏற்றுவது ஒன்று. ஆனால் பன்னாடைக்குள் போன வேரை அறுக்காமல் இறக்க முடியாது. எனக்குப் பிடித்தது மற்றது: உச்சியிலிருந்து இரண்டடி வெட்டி, அதே கம்பத்தின் அடியில் நட்டுவிடுவது. பெரிய இலையோடு இருக்கிற துண்டு பெரிய இலையாகவே தொடரும். வெட்டின இடத்துக்குக் கீழேயும் புதுத் தளிர் வரும், ஒரு வருஷத்தில் கம்பம் புதராகிவிடும்.

இந்த வெட்டு நாளுக்காகக் காத்திருப்பவர் எதிர் வீட்டு ஆச்சி. துண்டு கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாங்கமாட்டார். "குடுத்தா வராது தம்பி, திருடினாத்தான் வரும்." கணுவும் வேர் மொட்டும் இருந்தால் கொடுத்தாலும் வரும், திருடினாலும் வரும் என்று விளக்கிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டார், ஆனால் கையை நீட்டவில்லை. கடைசியில் கத்தியைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, "ஆச்சி, அந்த மூணாவது கணுவுக்கு ஒரு விரக்கடை கீழ வெட்டுங்க, கையில எண்ணெய் தடவிக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் போனேன். திரும்பி வந்தபோது மூன்று கணுவுக்குப் பதில் நான்கு கணு போயிருந்தது.